ரக்னா கேட்ட ஊமைக் கட்டை

ரக்னா தன் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து என் கடை மேசைமேல் வைத்தாள். "இதோட கட்டைய மாத்தணும். பிளாஸ்டிக்ல ஒண்ணு போட்டுக் குடுங்க," என்றாள். பின்னறையில் அரம் போட்டுக்கொண்டிருந்த எம்மெட்டின் கை அப்படியே நின்றது.

கடை என்னுடையது. மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், தூண்டில், தோட்டா, டின் சூப் என்று எங்கள் தீவில் ஒரு மனிதனுக்கு வேண்டிய எல்லாமும் விற்கிறேன். புத்தி மட்டும்தான் இருப்பு இல்லை, அதைக் கேட்டு யாரும் வருவதுமில்லை. பின்னறையை எம்மெட்டுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். துப்பாக்கி பழுது பார்ப்பது அவன் தொழில், அவன் அப்பாவுக்கும் அதுதான் தொழில். ரக்னாவின் துப்பாக்கியில் குழலைத் தாங்கி, தோளில் பதியும் வால்நட் மரக் கட்டையை இழைத்தவர் அந்த அப்பாதான்.

எம்மெட் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "எங்கப்பா செஞ்ச கட்டைய கழட்டி எறிஞ்சிட்டு பிளாஸ்டிக் போடணுமா? அதுக்கு என் கழுத்துல ஏறி மிதிச்சிடு ரக்னா."

"உன் கழுத்து எனக்கெதுக்கு? கட்டைய எடுத்துக் காட்டு."

பிளாஸ்டிக் கட்டை கேட்டு வருவது எங்கள் ஊரில் புதிதல்ல. அலாஸ்காவின் இந்தத் தெற்குத் தீவுகளில் மழை பெய்யாத நாளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மரக் கட்டை தண்ணீரைக் குடித்து உப்பும். உப்பினால் குழலை ஒரு பக்கமாக நெட்டித் தள்ளும். மானின் நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் போய்ப் படும், அப்புறம் பாவத்தைச் சுமந்துகொண்டு சதுப்பு முழுக்க ரத்தத் துளியைத் தேடி அலைய வேண்டும். அதனால் முக்கால்வாசிப் பேர் மாறிவிட்டார்கள். நான் மாறவில்லை. என் துப்பாக்கியில் இருந்தது என் அப்பா காலத்து பிர்ச் மரக் கட்டை, சோம்பேறித்தனத்தால் அப்படியே வைத்திருந்தேன். ரக்னாவின் கட்டையோ இத்தனை வருட மழையில் ஒரு மயிரிழை உப்பியதில்லை. அந்தக் கிழவர் எண்ணெயை அப்படி ஏற்றி ஏற்றித் தேய்த்திருந்தார். அவளுக்கு மாற்ற ஒரு காரணமும் கிடையாது. அதுதான் எங்கள் இருவருக்கும் நெருடியது.

ரக்னாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குள்ளமான உருவம், அகலமான தோள். மீன் ஆலையில் முட்டை அறையில் வேலை. சால்மன் முட்டைக் கொத்தைக் கையில் எடுத்ததுமே எது உடையும், எது நிற்கும் என்று சொல்லிவிடுவாள். பேச்சு குறைவு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டு என்று வந்துவிட்டால் ஊரைக் கூட்டிவிடுவாள், சுருதி மட்டும் சேராது. "கொஞ்சம் மெதுவா பாடலாமே" என்று பாதிரியார் ஜாடையாகச் சொன்னதற்கு மறுவாரம் இன்னும் உரக்கப் பாடினாள். மீன் புகைபோடும் கொட்டகைக்குள் புகுந்த கரடியின் மூக்கில் பனி வாரும் மண்வெட்டியால் ஒன்று வைத்தவள் என்று ஊரே பேசும். அவளிடம் கேட்டால், "அது குட்டி" என்பாள். ஒரு கல்லூரிப் படிப்பு, ஒரு பட்டம், ஒன்றும் கிடையாது, ஆனால் அவளிடம் வம்புக்குப் போன ஆள் ஊரில் ஒருவரும் இல்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவன் ஹால்வர் வாய் மூடாத மனிதன். எங்கள் காட்டு ஸ்ப்ரூஸ் மரம் மாதிரி உயரம். தபால் வாங்க வந்தால் தபால்காரனை வேலை செய்ய விடமாட்டான். அவன் வாயை மூடும் ஒரே இடம் காடு. இருவரும் சேர்ந்துதான் வேட்டைக்குப் போவார்கள். கல்யாணத்துக்கு எம்மெட்டின் அப்பா தெற்கிலிருந்து கப்பலில் ஒரே ஒரு வால்நட் பலகையை வரவழைத்து, அதை இரண்டாக அறுத்து, இருவருக்கும் ஆளுக்கொரு கட்டை செய்து கொடுத்தார். நெட்டைக்கு நெட்டை, குட்டைக்குக் குட்டை. தட்டினால் இரண்டிலும் ஒரே ஓசை வரும்.

தட்டுவது என்பது எங்கள் ஊர் வேட்டைக்காரர்களின் பழக்கம். காட்டில் கூப்பிட்டுப் பேசினால் மான் நிற்காது. மரத்தில் மரம் மோதும் ஓசைக்கு அது காதைக்கூட அசைக்காது. அதனால் பிரிந்து நடக்கும்போது துப்பாக்கிக் கட்டையை விரல் கணுவால் தட்டுவோம். ஒரு தட்டு என்றால், 'எங்கே இருக்கிறாய்?' இரண்டு தட்டு என்றால், 'இங்கேதான்.' அவ்வளவுதான் பாஷை. ஹால்வர் மட்டும் இரண்டு தட்டிவிட்டு, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, மூன்றாவதாக ஒன்று மெதுவாகத் தட்டுவான். அதற்கு அர்த்தம் என்ன என்று ரக்னா கேட்டிருக்கிறாள். "அதுவா, அது சும்மா உனக்கு" என்பானாம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளே சொல்லியிருக்கிறாள், இதைச் சொல்லும்போது மட்டும் அந்தப் பெண்ணின் முகம் சிவக்கும்.

மூன்று இலையுதிர் காலங்களுக்கு முன்னால் சுண்ணாம்பு மேட்டில் அவள் இந்தச் சரிவில், அவன் அந்தச் சரிவில். மூடுபனி இறங்கியதும் அவள் ஒன்று தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள். இருட்டும் வரை தட்டினாள். ஊரே திரண்டு தேடியது, ஹெலிகாப்டர் வந்தது, நாய்கள் வந்தன. அவனுடைய காப்பிக் குடுவை ஒரு மரத்தடியில் மூடி திருகியபடி இருந்தது. ஆளும் கிடைக்கவில்லை, துப்பாக்கியும் கிடைக்கவில்லை. அந்த மேடு பூராவும் உள்ளே அரித்துப்போன பாறை. ஆள் இறங்கும் அளவுக்குப் பொந்துகள், மேலே பாசி மெத்தை போட்டு மூடியிருக்கும். காலை வைத்தால்தான் தெரியும், தெரிந்தபின் சொல்ல ஆள் இருக்காது. சவப்பெட்டி இல்லாமலே தேவாலயத்தில் பிரார்த்தனை நடந்தது. ரக்னா அன்று மட்டும் பாடவில்லை.

அந்த ஜோடியில் மிஞ்சிய கட்டையைத்தான் இப்போது கழற்றச் சொல்கிறாள்.

எம்மெட் முனகிக்கொண்டே நான்கு கட்டைகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தான். வியாபாரம் என்று வந்துவிட்டால் அவன் வாய் தானாகத் திறந்துகொள்ளும். "இது கருப்பு. எல்லாரும் வாங்குறது. எடை கம்மி, மழைக்கு அசையாது. இது கார்பன், இறகு மாதிரி இருக்கும், மேடு ஏறுறவங்களுக்கு நல்லது. இதுக்குள்ள அலுமினியக் கட்டி வச்சிருக்கு, குழல் இம்மி நகராது, ஆனா தூக்கினா கனக்கும். இது ஃபைபர் துணிய சுத்திச் சுத்தி ஒட்டினது, உள்ள நுரை அடைச்சிருக்கு, மேல ரப்பர் பூச்சு. எடுத்துத் தோள்ல வச்சுப் பாரு."

ரக்னா எதையும் தோளில் வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முதல் கட்டையை விரல் கணுவால் தட்டினாள். உள்ளே வெற்றிடம். 'டொக்' என்று கடை முழுக்கக் கேட்டது. சுடும் பாத்திரத்தைத் தொட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

"தர்பூசணி வாங்கவா வந்த?" என்றான் எம்மெட்.

அவள் அடுத்ததைத் தட்டினாள். கார்பன் மெல்லிசாகக் கணீர் என்றது. தள்ளி வைத்தாள். அலுமினியம் வைத்தது பிடியில் ஊமையாக இருந்தது, முன்பக்கம் தட்டினால் பேசியது. தள்ளி வைத்தாள். கடைசிக் கட்டையை முன்னே, பின்னே, அடியில், பக்கவாட்டில் என்று தட்டிக்கொண்டே இருந்தாள். மழையில் ஊறிய ரொட்டியைத் தட்டுவது போலத்தான் இருந்தது. தோள் படும் முனைக்குப் பக்கத்தில் மட்டும் லேசாக ஓர் ஓசை.

"இங்க சத்தம் வருது."

"அங்க கொஞ்சம் வெத்து எடம் விட்டிருப்பான். அதனால என்ன? மானுக்குக் கேக்காது."

"அதையும் அடைச்சிடு."

"எடை கூடும் ரக்னா."

"கூடட்டும். எங்க தட்டினாலும் சத்தம் வரக் கூடாது எம்மெட். ஒரு பொட்டு சத்தம் வரக் கூடாது."

எம்மெட் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். கிளை உரசும் சத்தம் பிடிக்காமல் நுரை அடைக்கச் சொல்லும் வேட்டைக்காரர்கள் உண்டு. ஆனால் அவர்கள் முகம் இப்படி வெளுத்திருக்காது.

அவன் அவளை மழைக்கோட்டு போட்டு வரச் சொல்லி, முழங்கை மடிப்பிலிருந்து விரல்வரை அளவு எடுத்தான். கட்டையின் பின்முனையை அவள் கைக்குத் தக்கபடி அறுத்துக் குறைக்க வேண்டும். அவன் வேலையைத் தொடங்கியதும் நான் ரக்னாவை என் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் காப்பியை ஊற்றி வைத்தேன்.

"இப்ப சொல்லு. என்ன நாடகம் இது?"

கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு முட்டை அறையில் நடந்ததைச் சொல்வது போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"போன நவம்பர்ல தனியா மேட்டுக்குப் போனேன் பெர்னீஸ். வேர்ல கால் தடுக்கி கட்டை ஒரு மரத்துல இடிச்சுது. ஒரு தட்டு. தெரியாம நடந்ததுதான். மேலேருந்து ரெண்டு தட்டு வந்துச்சு."

"யாராவது வேட்டைக்கு வந்திருப்பாங்க."

"ஒரு மூச்சு கழிச்சு மூணாவது வந்துச்சு."

நான் கோபப்பட்டேன். எனக்குப் பயம் வந்தால் கோபம்தான் முன்னால் வரும். "அண்டங்காக்கைடி அது. அதுக்கு மரம் தட்ற மாதிரி கத்தத் தெரியும், தண்ணி சொட்ற மாதிரி கத்தத் தெரியும், என் கடை மணி மாதிரிகூட கத்துது. உன் புருஷன் இருபத்தஞ்சு வருஷமா அங்க தட்டினத எந்தக் காக்காயோ கேட்டுக் கத்துக்கிட்டிருக்கு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

"இருக்கலாம்," என்றாள். "நானும் அப்படித்தான் நெனச்சேன். அதனால மறுபடி தட்டினேன். மறுபடி வந்துச்சு. கொஞ்சம் தள்ளி. நானும் கொஞ்சம் தள்ளிப் போனேன். மறுநாளும் போனேன். சீசன் முடியறவரைக்கும் போனேன். மான் வந்து எதிர்ல நின்னாலும் நான் சுடல. நான் தட்டுவேன், அவன் 'இங்கதான்'னு சொல்லுவான், நான் போவேன். அவன் இன்னும் கொஞ்சம் தள்ளி இருப்பான்."

"எங்க கொண்டுபோச்சு?"

"பொந்து இருக்கற எடத்துக்கு." காப்பியை ஒரு வாய் குடித்தாள். "கடைசி நாள் ஒரு பாசி மேல ஒரு கால வச்சிட்டேன். கீழ தரை இல்லன்னு பாதத்துக்குத் தெரியுது. அப்பவும் இன்னொரு கால எடுக்கத்தான் தோணுச்சு. கீழேருந்துதான் தட்டுச்சு பெர்னீஸ்."

நான் எழுந்து அடுப்பைத் துடைத்தேன். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

"காட்டுக்குப் போகாத," என்றேன். "துப்பாக்கிய வித்துடு. பாட்டியெல்லாம் சீட்டாடற மன்றத்துல போய் உக்காரு."

"போகாம இருக்க முடியாது. மீனும் மானும் இல்லாம குளிர்காலத்த உன் டின் சூப்ப குடிச்சா ஓட்டறது? அது மட்டுமில்ல." கோப்பையைத் தள்ளி வைத்தாள். "அவன் கூட நடந்த எடத்துக்குப் போகாம என்னால இருக்க முடியாதுடி. ஆனா போனா தட்டிடுவேன். கை தானா போகுது. தட்டினா அவன் பதில் சொல்லுவான். அடுத்த தடவை இன்னொரு கால எடுத்து வச்சிடுவேன், அது எனக்கு நிச்சயமா தெரியும். அதனால தட்ட முடியாத ஒண்ணு வேணும். என் விரலுக்கு அந்த பாஷை மறந்துபோகணும்."

உயிரோடு இருக்க விரும்புகிறவளின் ஏற்பாடு அது. எவ்வளவு புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். இப்படி ஒரு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று அழுகையும் வந்தது.

சில நாளில் கட்டை தயாரானது. எம்மெட் வெற்றிடத்தை எல்லாம் நுரையால் அடைத்து, முனையில் ரப்பர் வைத்து, பழைய கட்டையிலிருந்து குழலைக் கழற்றிப் புதியதில் உட்கார வைத்து இறுக்கினான். நடு விரலால் நான்கைந்து இடத்தில் தட்டிக் காட்டினான். பிணத்தைத் தட்டுவது போலிருந்தது. ரக்னா தலையாட்டினாள்.

வெறும் மரமாக அந்த வால்நட் கட்டை மேசையில் கிடந்தது. அவள் கன்னம் பட்டுப் பட்டு ஓரிடம் பளபளவென்று தேய்ந்திருந்தது. எம்மெட் அதைத் தடவிக்கொண்டே, "இத எனக்குக் குடுத்துடு. எங்கப்பா ஞாபகமா செவுத்துல மாட்டி வச்சுக்கறேன்," என்றான். வெட்கத்தைவிட்டுக் கெஞ்சினான் என்றுதான் சொல்ல வேண்டும்.

"மாட்டுவ. கடைக்கு வர எவனாவது அழகா இருக்கேன்னு தட்டிப் பாப்பான்," என்றாள் ரக்னா. கட்டையை எடுத்தாள், பட்டறை அடுப்பின் கதவைத் திறந்தாள், உள்ளே வைத்தாள். எம்மெட் ஓர் அடி முன்னால் வந்து நின்றுவிட்டான். பிள்ளையைப் பறிகொடுத்தவன் முகம்.

எண்ணெய் குடித்த மரம், பற்றிக்கொள்ள நேரமாகவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே அது வெடித்தது. ஒன்று. இரண்டு. விறகு வெடிப்பது உலகத்தில் நடக்காத காரியமல்ல. ஆனால் நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுப்பையே பார்த்தோம். எம்மெட்டுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது, அவனும் ஏன் மூச்சைப் பிடித்தான் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவன்தான் முதலில் பலமாக இருமி, "காப்பி ஆறுது" என்று உள்ளே போனான்.

கல்குவாரியில் போய்க் குறி சரிபார்த்தோம். கட்டை மாறினால் குறியும் மாறும், அதைப் பார்க்காமல் காட்டுக்குப் போகிறவன் கசாப்புக்காரன். ரக்னா சுட்டதெல்லாம் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கியது. "நல்லாத்தான் இருக்கு," என்றாள். ஆனால் கன்னத்தை எடுத்ததும் கையால் துடைத்துக்கொண்டாள்.

நவம்பரில் நான் அவளைத் தனியாக விடவில்லை. என் படகில் இருவரும் போனோம். சுண்ணாம்பு மேட்டுக்கே வேண்டாம், வேறு மேட்டுக்குப் போகலாம் என்றேன். "வேற மேட்டுல எனக்கு மான் இல்ல," என்றாள். அவளிடம் வாதாடி ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு முகவரி கொடுங்கள்.

காலையிலேயே மூடுபனி. ஸ்ப்ரூஸ் மரங்களின் கீழே பாசி காலடி ஓசையை எல்லாம் விழுங்கிக்கொண்டது. நாங்கள் பிரியாமல் ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். ஒரு வெட்டவெளியின் ஓரத்தில் உட்கார்ந்து நான் ஊதலை எடுத்து மான்குட்டி கத்துவது போல ஊதினேன். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கம் புதர் விலகி ஓர் ஆண் மான் வந்து நின்றது. ரக்னா சுட்டாள். அது நின்ற இடத்திலேயே மடிந்தது. புதுக் கட்டை தன் வேலையைச் செய்துவிட்டது. எனக்கு உள்ளூர அப்படி ஒரு நிம்மதி.

வெடிச்சத்தம் கேட்டால் கரடி சாப்பாட்டுக்கு வந்துவிடும், எங்கள் தீவுக் கரடிகளுக்கு அது மணி அடித்த மாதிரி. அதனால் ரக்னா மளமளவென்று வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தாள். நான் முதுகைக் காட்டி நின்று காவல் பார்த்தேன். மானின் சூட்டில் ஆவி எழுந்து பனியோடு கலந்தது.

அப்போது மேலேயிருந்து ஒரு தட்டு கேட்டது.

ஒன்றே ஒன்று. காய்ந்த, கெட்டியான, நல்ல மரத்தின் ஓசை. கிளை முறிந்தால் ஓசை சிதறும், இது சிதறவில்லை. ரக்னாவின் கத்தி நின்றது.

"காக்கா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மறுபடியும் ஒன்று. கொஞ்சம் இந்தப் பக்கமாக.

ரக்னா எழுந்தாள். ரத்தக் கையோடு துப்பாக்கியை எடுத்து, விரலை மடக்கி, கட்டையைத் தட்டினாள். ஓசை இல்லை. இன்னும் பலமாகத் தட்டினாள். 'தப்' என்றுகூட இல்லை. அவள் கேட்டு வாங்கிய ஊமை அது, சொன்ன சொல் தவறாமல் இருந்தது. அவள் விடவில்லை. முன்னே, பின்னே, பிடியில், முனையில் என்று மாற்றி மாற்றித் தட்டினாள். கணுவில் தோல் உரிந்து அவள் ரத்தமும் மானின் ரத்தமும் ஒன்றாகக் கலந்தன. மேலே அது மறுபடி ஒற்றையாகத் தட்டியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி. பதிலுக்குக் காத்திருந்து, காத்திருந்து, மறுபடி.

ரக்னா திரும்பி என் துப்பாக்கியைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் தோளில் தொங்குவது மரக் கட்டை. அவள் விரலுக்கு மட்டும் பூட்டுப் போட்டுவிட்டு, சாவியை நானே தோளில் மாட்டிக்கொண்டு கூடவே வந்திருக்கிறேன். என்னைப்போல ஒரு மடச்சி உண்டா?

"அத குடு பெர்னீஸ்."

"தர மாட்டேன்."

"ரெண்டே ரெண்டு தட்டு. நான் இங்க இருக்கேன்னு மட்டும் சொல்லிடறேன். போக மாட்டேன். சத்தியமா போக மாட்டேன்."

"போன வருஷமும் இப்படித்தான ஆரம்பிச்சிருப்ப?"

கையை நீட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தாள். பலத்தில் அவளுக்கு நான் ஈடில்லை. துப்பாக்கியை மழைக்கோட்டுக்குள் இழுத்து, கட்டையை வயிற்றோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு பாசியில் குனிந்து உட்கார்ந்துவிட்டேன். அவள் என் தோளைப் பிடித்து இழுத்தாள். "அவன் கேக்கறான்டி," என்றாள். "இத்தன நாளும் நான்தான் கேட்டேன், அவன் பதில் சொன்னான். இப்ப அவன் கேக்கறான். நான் எங்க இருக்கேன்னு அவனுக்குத் தெரியல."

அந்த நேரத்தில் கோட்டுக்குள் என் வலது கையின் நடுவிரல் தானாக மடங்கி, மரத்தின்மேல் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு தட்டு போதும். காட்டில் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் விடுவது எங்கள் வழக்கத்திலேயே இல்லை. கூட வந்தவரைக் கைவிட்டுப் போனவர்கள்தான் பதில் சொல்ல மாட்டார்கள். இடது கையால் அந்த விரலைப் பிடித்து வைத்துக்கொண்டேன்.

தட்டு மறுபடி வந்தது. மிக அருகில், எங்கள் முழங்கால் உயரத்தில், விழுந்து கிடந்த ஒரு மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அங்கே காக்கை ஏதும் தெரியவில்லை. பனிதான் இருந்தது.

என் தோளிலிருந்து ரக்னாவின் பிடி தளர்ந்தது. அவள் நிமிர்ந்து நின்றாள். காட்டில் வாய் திறந்து பேசாதவள், தேவாலயத்தில் பாடுகிற அதே தொண்டையால் பேசினாள்.

"ஹால்வர். நான்தான் ரக்னா. நான் நல்லாருக்கேன். நான் வரலப்பா. வீட்டுக்குப் போறேன்."

காடு முழுக்க அது எதிரொலித்தது. தீவில் உள்ள மான்கள் எல்லாம் ஓடியிருக்கும். அப்புறம் தட்டு ஒன்றும் வரவில்லை. நான் கோட்டுக்குள் என் விரலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். பிறகு அவள் குனிந்து மானின் முன்கால்களைப் பிடித்து, "எழுந்திரு, கரடி வந்துடும்," என்றாள். இருவருமாக இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தோம். படகில் அவள் கரையைப் பார்த்து உட்காரவில்லை, எஞ்சினைப் பார்த்து உட்கார்ந்தாள். அவள் விரல் கணுக்களில் துணி சுற்றிவிட்டேன்.

மறுநாள் என் துப்பாக்கியை எம்மெட்டிடம் கொடுத்து, "இதுக்கும் கட்டை மாத்து," என்றேன்.

"எது போடட்டும்?"

"ரக்னாவுக்குப் போட்டதே. வெத்து எடம் ஒண்ணு விடாம அடைச்சிடு."

அவன் மேசையில் ஒரு துண்டை விரித்து, ஓசை வராமல் துப்பாக்கியை அதன்மேல் படுக்க வைத்தான்.

ரக்னா இப்போதும் முட்டை அறைக்குப் போகிறாள், சுருதி சேராமல் பாடுகிறாள். நவம்பர் வந்தால் நாங்கள் இருவரும் அதே மேட்டுக்குப் போகிறோம். சில நாள் ஒன்றும் கேட்பதில்லை. சில நாள் மான் அறுத்துக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து அந்த ஒற்றைத் தட்டு வருகிறது. ரக்னா கத்தியைத் துடைத்துக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போல, தலையைத் தூக்கிச் சொல்கிறாள்: "இன்னிக்கும் நான் வரல ஹால்வர்." அவளால் சொல்ல முடியாத நாட்களில் அதை நான் சொல்கிறேன்.